பேக் டு பேக், ரெண்டு செட்: லினக்ஸ் டெர்மினலோடு பேசிப் பழகுவது

காலை ஒன்பது மணி இருக்கும். திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, ஒரு பொண்ணு ஹால் டிக்கெட் கேட்டுச்சு. ஒரே ஒரு பக்கம். நான் பக்கத்துல இருந்த புக்கு ஃபைலை மாத்திக் குடுத்துட்டேன். நூத்தி இருபது பக்கம் பா. பிரின்டர் பாட்டுக்குத் துப்பிக்கினே இருக்கு. மவுஸ்ல பேட்டரி வேற காலி."

அவர் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றி அன்றைக்குப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. பழைய மெஷின். விண்டோஸ் திறப்பதற்குள் கஸ்டமர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார் என்று புலம்பிக்கொண்டிருந்தார். ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டி, மின்ட் போட்டுக் கொடுத்தது நான். ஆகவே போனை எடுக்காமல் இருக்க முடியாது.

"கன்ட்ரோல், ஆல்ட், டி. மூணையும் சேர்த்து அமுக்குங்க."

"கறுப்பா ஒரு பொட்டி வந்துச்சு."

"அதுல கேன்சல்னு அடிங்க. சி, ஏ, என், சி, இ, எல். ஒரு ஸ்பேஸ். அப்புறம் மைனஸ் மாதிரி ஒரு சின்னக் கோடு, ஒட்டி ஏ. என்டர்."

முதல் தடவை ஸ்பேஸை விட்டுவிட்டார். கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்றது. இரண்டாம் தடவை கோட்டை விட்டுவிட்டார். 'ஏ' என்று ஒரு பிரின்டரே இல்லையே என்றது. மூன்றாம் தடவை சரியாக அடித்தார்.

"ஒண்ணும் வரலியே தம்பி."

"பிரின்டரைப் பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிரின்டரின் வயிற்றுக்குள் ஏற்கெனவே போயிருந்த இரண்டு பக்கம் மட்டும் வந்து விழுந்தது. "நின்னுடுச்சு பா" என்றார், ஏதோ நான் கிண்டியில் உட்கார்ந்தபடி கையை நீட்டி நிறுத்திவிட்ட மாதிரி.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய், டெர்மினல் என்ற அந்தக் கறுப்புப் பெட்டி என்ன என்று அவருக்குச் சொன்னேன். இந்தக் கட்டுரை அதுதான். ஒரு விஷயம் முதலிலேயே: கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், போனில் சொல்வது போல. நீங்கள் கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எல்எஸ் என்றால் எல், எஸ் என்று இரண்டு எழுத்து. குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுகிறேன்.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

டெர்மினலைப் புரியவைக்க அண்ணனிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அவர் தொழிலே அதுதான். நாள் முழுக்க கவுன்ட்டரில் நின்று கட்டளை வாங்குகிறார். "ஆதார், ரெண்டு சைடும் ஒரே பக்கத்துல, அஞ்சு காப்பி." "பேக் டு பேக், ரெண்டு செட், ஒண்ணுக்கு மட்டும் ஸ்பைரல்." கேட்பவர் உள்ளே வந்து மெஷினைத் தொடுவதில்லை. பட்டனைத் தேடுவதில்லை. சொல்கிறார், வேலை நடக்கிறது. புதிதாக வருபவர்தான் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மாதிரித் தாள்களைப் பார்த்து, "இந்த மாதிரி, இதோ இது" என்று விரலை நீட்டுவார்.

மவுஸ் என்பது அந்த விரல். டெர்மினல் என்பது வாய். என்ன வேண்டும் என்று தெரியாதபோது சுட்டிக்காட்டுவது வசதி. தெரிந்தபின் சொல்லிவிடுவது வேகம். இதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்றெல்லாம் கிடையாது. லினக்ஸ் மின்ட்டில் டெர்மினலைத் திறக்காமலேயே வருடக்கணக்கில் காலம் தள்ளலாம்.

அந்த ஜன்னலின் பெயர் டெர்மினல். அதாவது கவுன்ட்டர். ஜன்னலுக்குப் பின்னால் நின்று நாம் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளும் ஆளின் பெயர் ஷெல். அவர் இடத்தில்தான் அண்ணன் நிற்கிறார். அவருக்கும் பின்னால், பேப்பரையும் மெமரியையும் டிஸ்க்கையும் நிஜமாகவே கையாளுகிற மெஷின், கெர்னல். வேர்க்கடலையை உடைத்தால் ஓடு, உள்ளே பருப்பு. ஷெல் என்ற சொல்லுக்கு ஓடு என்றும் கெர்னலுக்குப் பருப்பு என்றும்தான் பொருள். நாம் தொடுவது ஓட்டை மட்டுமே.

லினக்ஸ் என்ற பெயர் சரியாகப் பார்த்தால் அந்தப் பருப்புக்கு உரியது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அதை எழுதத் தொடங்கினார். மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் நமக்குக் கிடைக்கும் ஷெல்லின் பெயர் பேஷ். பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-ல் வெளிவந்தது. ஓடு பருப்பைவிட இரண்டு வயது மூத்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் "பேஷ், பேஷ்" என்று மெச்சுவார்களே, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு. ஆனால் இந்த பேஷ் யாரையும் மெச்சாது. வேலை சரியாக முடிந்தால் ஒரு வார்த்தை பேசாது. அண்ணன் "ஒண்ணும் வரலியே" என்றாரே, அதுதான் வெற்றி. தப்பு நடந்தால் மட்டும் வாயைத் திறக்கும். புதிதாக வருபவர்களை முதலில் பயமுறுத்துவது இந்த மௌனம்தான் என்று நினைக்கிறேன்.

கடையில் மாலை உதவிக்கு வரும் பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கிட்டயும் இது இருந்துச்சு அண்ணா, ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்ல. ஆன் பண்ணா பாஸ்னு ஒண்ணு காட்டும், நான் தொட்டதே இல்ல" என்றான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவும் அப்படியே, மின்ட் உபுண்டு வழியாக அதே குடும்பம். இங்கே சொல்வதில் பெரும்பாலானவை அவன் லேப்டாப்பிலும் ஓடியிருக்கும்.

எங்கே நிற்கிறோம்?

டெர்மினலைத் திறந்ததும் ஒரு வரி தயாராக நிற்கும். அண்ணன் மெஷினில் அது இப்படி இருந்தது:

கடை@கேணி:~$

ப்ராம்ப்ட் என்பார்கள். "சொல்லுங்க சார்" என்று கடைக்காரர் நம்மைப் பார்ப்பது மாதிரி. கடை என்பது யூசர் பெயர், கேணி என்பது அந்த மெஷினுக்கு நான் வைத்த பெயர். கடைசியில் இருக்கும் டாலரைப் பார்த்து "காசு கேக்குதா?" என்றார். இல்லை. சாதாரண யூசர் என்பதற்கு அடையாளம். நடுவில் இருக்கும் அலைக்கோடுதான் முக்கியம். அது நாம் இப்போது நிற்கும் இடம்.

இந்த "நிற்கும் இடம்" பிடிபட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். டெர்மினலில் நாம் எப்போதும் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டுதான் பேசுகிறோம். அலைக்கோடு என்றால் சொந்த வீடு, ஹோம். முழு முகவரி வேண்டுமானால் பிடபிள்யூடி என்று அடித்து என்டர் தட்டுங்கள். /ஹோம்/கடை என்று வரும்.

இந்தச் சாய்கோடுகளைக் கவனியுங்கள். விண்டோஸில் சி டிரைவ், டி டிரைவ் என்று தனித்தனி வீடுகள். லினக்ஸில் ஒரே மரம். எல்லாம் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கிக் கிளை பிரியும். பென் டிரைவ் செருகினால்கூட அது தனி டிரைவாக முளைக்காது. மின்ட்டில் /மீடியா/கடை என்பதற்குக் கீழே, அந்த பென் டிரைவின் பெயரில் ஒரு ஃபோல்டராக வந்து உட்காரும். ஜெராக்ஸ் கடைக்கு இது தினப்படி சமாச்சாரம்.

முகவரியை இரண்டு விதமாகச் சொல்லலாம். சாய்கோட்டில் தொடங்கினால் முழு முகவரி. "சென்னை, திருவல்லிக்கேணி, பாரதி சாலை" என்பது மாதிரி. தாம்பரத்திலிருந்து சொன்னாலும் திருவொற்றியூரிலிருந்து சொன்னாலும் அது ஒரே இடம்தான். சாய்கோடு இல்லாமல் தொடங்கினால், நிற்கும் இடத்திலிருந்து வழி. "நேரா போய் லெஃப்ட், ரெண்டாவது கடை." பார்த்தசாரதி கோயில் வாசலில் நின்று இதைக் கேட்டால் அண்ணன் கடை வரும், திருவான்மியூரில் நின்று அதையே செய்தால் வேறெங்கோ போய் முட்டிக்கொள்வோம். "நேற்று ஓடிய கமாண்ட் இன்னிக்கு ஓடல" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது பிடபிள்யூடி என்ன சொல்கிறது என்றுதான். பத்தில் எட்டுத் தடவை அவர்கள் நிற்பது வேறு தெருவில்.

(பாரதி சாலையைப் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்றே சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணா சாலைக்கு மவுண்ட் ரோடு. ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வைக்கும் வசதி லினக்ஸிலும் உண்டு, சிம்லிங்க் என்று. அது முதல் நாளுக்கு வேண்டாம்.)

நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ். வேறு இடத்துக்குப் போக சிடி:

சிடி டவுன்லோட்ஸ்

இதில் டவுன்லோட்ஸின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். லினக்ஸுக்குப் பெரிய டியும் சின்ன டியும் வேறு வேறு ஆள். உள்ளே போய்விட்டால் ப்ராம்ப்ட் மாறிவிடும், அலைக்கோட்டுக்குப் பக்கத்தில் டவுன்லோட்ஸ் என்று காட்டும். ஒரு படி மேலே வர சிடி, ஸ்பேஸ், இரண்டு புள்ளி. சும்மா சிடி என்று மட்டும் அடித்தால் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அண்ணன் இரண்டு விரலால் டைப் செய்பவர். டவுன்லோட்ஸ் என்று முழுதாக அடிக்கச் சொன்னால் ஓடிவிடுவார். அதற்குத்தான் டேப் கீ. சிடி, ஸ்பேஸ், பெரிய டி, சின்ன ஓ அடித்து டேப் தட்டச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை தட்டியதும் டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று இரண்டையும் காட்டி, எது என்று கேட்டது. ஒரு டபிள்யூ சேர்த்து டேப் தட்டினார். மிச்சத்தை அதுவே எழுதிக்கொண்டது. அன்றைக்கு அவர் முகம் மலர்ந்தது அந்த இடத்தில்தான். இரண்டு தடவை தட்டியும் டேப் கை கொடுக்கவில்லை என்றால் அப்படி ஒரு ஃபைல் அங்கே இல்லை என்று பொருள். என்டர் தட்டித் திட்டு வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பெயரில் ஸ்பேஸ் இருக்கும் ஃபைல்களுக்கும் டேப்தான் துணை. வாட்ஸாப்பிலிருந்து இறக்கும் படங்களின் பெயரில் வரிசையாக ஸ்பேஸ் இருக்கும். ஷெல் ஸ்பேஸைப் பார்த்துத்தான் வார்த்தை பிரிக்கிறது. எனவே ஒரே ஃபைலை நான்கைந்து ஃபைல் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றுகூட இல்லை என்று கைவிரிக்கும். பெயர் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போடலாம். டேப் தட்டினால் தேவையான குறிகளை அதுவே போட்டுக்கொள்ளும்.

வினை முதலில்

இப்போது வாக்கியம். அண்ணனிடம் கஸ்டமர் சொல்வது: "இந்த ஃபார்மை ரெண்டு காப்பி போடுங்க." ஷெல்லிடம் அதையே சொல்வது:

எல்பி -என் 2 ஃபார்ம்.பிடிஎஃப்

எல்பி என்றால் பிரின்ட் போடு. கோடு போட்ட என், எத்தனை காப்பி என்பதைச் சொல்கிறது. கடைசியில் ஃபைல். தமிழில் பொருள் முதலில் வந்து வினை கடைசியில் வரும். இங்கே வினை முதலில், எப்படி என்பது நடுவில், எதை என்பது கடைசியில். நம் வாக்கியத்தைத் தலைகீழாக நிறுத்தியது போல. ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளும் இந்த அச்சில்தான் வார்த்திருக்கும். ஆகவே புதிதாக ஒன்றைப் பார்த்தால் மூன்று கேள்வி போதும்: என்ன செய்யச் சொல்கிறது, எப்படி, எதை.

நடுவில் வரும் "எப்படி"க்கு ஆப்ஷன் என்று பெயர். பேக் டு பேக், ஸ்பைரல் எல்லாம் ஆப்ஷன்தான். முன்னால் கோடு இருக்க வேண்டும். கோடு இல்லாவிட்டால் அந்தக் கட்டளை அதை ஃபைல் பெயர், பிரின்டர் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். காலையில் நடந்தது அதுதானே? கோடு ஏ என்றால் "எல்லாவற்றையும்". கோட்டை விட்டதும் ஏ என்ற பெயரில் ஒரு பிரின்டரைத் தேடப் போய்விட்டது.

பிழைச் செய்திகளை யாரும் படிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். சிவப்பு விளக்கு எரிந்த மாதிரி பதறி ஜன்னலை மூடிவிடுகிறார்கள். தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது மூன்றே மூன்று. கமாண்ட் நாட் ஃபவுண்ட்: வினையை எழுத்துப் பிழையோடு அடித்திருக்கிறீர்கள், அல்லது அந்த புரோகிராம் மெஷினில் இல்லை. நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி: பெயர் தப்பு, அல்லது நிற்கும் தெரு தப்பு. பர்மிஷன் டினைட்: உங்களுக்கு அங்கே கை வைக்க உரிமை இல்லை. எதைத் திருத்த வேண்டும் என்று ஒவ்வொன்றும் சொல்லிவிடுகிறது.

டவுன்லோட்ஸைக் கூட்டிப் பெருக்கிய கதை

அண்ணனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் எல்லாக் கடைகளிலும் இருப்பது போலத்தான். வருபவர் போவோர் அனுப்பிய எல்லாமும் அங்கேயே கிடக்கும். ரேஷன் கார்டு, டிசி, வாடகை ஒப்பந்தம், யாரோ ஒருவரின் காதணி விழா அழைப்பிதழ். எத்தனை பிடிஎஃப் இருக்கிறது என்று பார்க்கலாம் என்றேன்:

எல்எஸ் *.பிடிஎஃப் | டபிள்யூசி -எல்

1,846 என்று வந்தது.

இதில் இரண்டு குறிகள் புதிது. நட்சத்திரம் என்றால் "எதுவாக இருந்தாலும்". நட்சத்திரம், புள்ளி, பிடிஎஃப் என்றால் பிடிஎஃப் என்று முடிகிற எல்லாமும். நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு பைப். இடது பக்கம் வருவதை வலது பக்கம் தள்ளிவிடும் குழாய். எல்எஸ் வரிவரியாகப் பெயர்களைக் கொட்டுகிறது, டபிள்யூசி அந்த வரிகளை எண்ணுகிறது. எல்எஸ்ஸுக்கு எண்ணத் தெரியாது. டபிள்யூசிக்கு ஃபோல்டரைப் பார்க்கத் தெரியாது. ஒருவர் ஜெராக்ஸ் போட, அடுத்தவர் பின் அடிக்க, மூன்றாமவர் கவரில் போடுவது மாதிரி. பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த டக் மெக்கில்ராய் பல வருடம் வலியுறுத்தி வந்த யோசனை இது. 1973-ல் கென் தாம்ப்சன், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் அதைச் சேர்த்தார். லினக்ஸில் எனக்கு இன்றைக்கும் சலிக்காத விஷயம் இந்தக் குழாய்.

பழையதை ஒதுக்க ஒரு ஃபோல்டர் வேண்டும். எம், கே, டி, ஐ, ஆர் என்ற ஐந்து எழுத்து அதற்கு:

எம்கேடிஐஆர் பழசு

ஃபோல்டர் பெயரை நிஜமாகவே தமிழில் வைக்கலாம். டெர்மினல் ஜன்னலில் கொம்பும் காலும் சற்று இடம் மாறித் தெரியக்கூடும். ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. கீபோர்டை மாற்றி மாற்றி அடிக்கும் தொல்லைக்குப் பயந்து நான் பெரும்பாலும் வைப்பதில்லை. பிறகு,

எம்வி *.பிடிஎஃப் பழசு/

அவ்வளவுதான். 1,846 ஃபைல், கண் இமைக்கும் நேரம். எம்வி என்றால் இடம் மாற்று. கடைசியில் அந்தச் சாய்கோட்டை நான் எப்போதும் போடச் சொல்வேன். அது இல்லாமல் ஒரே ஒரு ஃபைலை நகர்த்தும்போது, பழசு என்று ஃபோல்டர் இல்லாவிட்டால், எம்வி அந்த ஃபைலின் பெயரையே பழசு என்று மாற்றிவிடும். பெயர் மாற்றுவதும் இடம் மாற்றுவதும் அதற்கு ஒரே வேலை. சாய்கோடு போட்டால் "அப்படி ஃபோல்டர் இல்லை" என்று நின்றுவிடும். நகர்த்தாமல் நகல் எடுக்க சிபி, இலக்கணம் அதேதான்.

அழிக்க ஆர்எம். இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். லினக்ஸுக்கு வந்த புதிதில், வீட்டுப் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். ஸ்கேனர் புரோகிராம் இடையிடையே டிஎம்பி என்று முடியும் வேண்டாத ஃபைல்களைப் போட்டிருந்தது. அவற்றை மட்டும் அழிக்க நினைத்து இப்படி அடித்தேன்:

ஆர்எம் * .டிஎம்பி

நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்திருப்பது தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. ஷெல் அதை இரண்டு பொருளாகப் படித்தது: முதலில் எல்லாமும், பிறகு புள்ளி டிஎம்பி என்று ஒன்று. எல்லாவற்றையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, "புள்ளி டிஎம்பி என்று ஃபைல் எதுவும் இல்லையே" என்று ஒரே ஒரு வரி சொன்னது. ஆர்எம் செய்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. தாத்தா சைக்கிளோடு மெரினாவில் நிற்கும் படம் அப்படிப் போனதுதான். ஒரிஜினலை ஊரிலிருந்து மறுபடி கொண்டுவர ஒரு பொங்கல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். நட்சத்திரம் போட்டு அழிப்பதற்கு முன், ஆர்எம் இருக்க வேண்டிய இடத்தில் எல்எஸ் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். எதெல்லாம் போகப்போகிறது என்று அதுவே பட்டியல் காட்டும். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறி கீயைத் தட்டினால் அதே வரி திரும்ப வரும். எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் ஆக மாற்றி என்டர். ஆர்எம்மோடு கோடு ஐ சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு அழிக்கும்.

கல்லாச் சாவி

பர்மிஷன் டினைட் வரும்போதெல்லாம் சூடோ போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். எஸ், யு, டி, ஓ. கட்டளைக்கு முன்னால் அதைச் சேர்த்தால் மெஷினின் முதலாளி உரிமையோடு ஓடும். கல்லாச் சாவி மாதிரி அது. புதிய புரோகிராம் போடவும், அப்டேட் செய்யவும் அது வேண்டும். அந்த வேலைக்கான கட்டளை ஏபிடி:

சூடோ ஏபிடி அப்டேட்

பாஸ்வேர்ட் கேட்கும். நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது, ஒரு புள்ளிகூட வராமல் போகலாம். கீபோர்ட் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் அடித்து முடித்து என்டர் தட்டுங்கள். ஒரு தடவை கொடுத்தால் அதே ஜன்னலில் 15 நிமிடம் வரை மறுபடி கேட்காது. அந்த நேரத்தில் சாவி கல்லாவிலேயே தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எங்கோ பார்த்த வரி சூடோவில் தொடங்கினால், வினை, எப்படி, எதை என்று மூன்றும் புரியும்வரை அதை ஒட்டாதீர்கள்.

ஒட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. டெர்மினலில் கன்ட்ரோல் சி நகல் எடுக்காது, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தும். நகலுக்கும் ஒட்டுவதற்கும் கூடவே ஷிஃப்ட்டையும் அமுக்க வேண்டும். எம், ஏ, என் என்று அடித்து ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் கையேடு திறக்கும். வெளியே வர க்யூ. அங்கே மாட்டிக்கொண்டு மெஷினையே ஆஃப் செய்தவர்கள் உண்டு.

ஏன் எல்லாம் மொட்டையாக எல்எஸ், சிபி, எம்வி என்று இருக்கிறது என்று பையன் கேட்டான். 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் திரை என்பதே அபூர்வம். டெலிடைப் என்ற தந்தி மெஷினில், கீயை அழுத்தி அமுக்கி, பேப்பரில் அச்சாகிப் பதில் வரும். அவர்கள் பயன்படுத்திய மாடல் 33, நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். ஒவ்வொரு எழுத்தும் நேரம், ஒவ்வொரு எழுத்தும் சத்தம். அந்த மெஷினின் பெயர் இன்னும் உள்ளே இருக்கிறது: டிடிஒய் என்று அடித்துப் பாருங்கள், உங்கள் ஜன்னலையும் ஒரு டெலிடைப்பாகவே கருதி அதன் முகவரியைச் சொல்லும். "அந்த ரிச்சிதான் நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டா?" என்றார் அண்ணன். இல்லை, பெயர் ஒற்றுமைதான். ஆனால் அப்படி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அவருக்கு நான் கடைசியாகக் காட்டியது அவர் தொழிலுக்கே ஆனது. ஆதாரின் முன்பக்கம் ஒரு ஃபைல், பின்பக்கம் ஒரு ஃபைல், இரண்டையும் சேர்த்து ஒரே பிடிஎஃப்பாக அப்லோட் செய்ய வேண்டும் என்று தினமும் பத்துப் பேர் வருகிறார்கள். இதுவரை ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றிச் சேர்த்து இறக்கிக்கொண்டிருந்தார். ஊரார் ஆதார் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ. மெஷினுக்குள்ளேயே அதற்கு ஆள் இருக்கிறது:

பிடிஎஃப்யுனைட் முன்.பிடிஎஃப் பின்.பிடிஎஃப் ஆதார்.பிடிஎஃப்

முதல் இரண்டும் சேர வேண்டியவை, கடைசிப் பெயர் புதிதாகப் பிறக்கப்போவது. அந்தக் கடைசிப் பெயரை மறந்துவிட்டால் பின்.பிடிஎஃப்பின் மேலேயே எழுதிவிடும், அது ஒன்றுதான் ஜாக்கிரதை. கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்றால் பாப்ளர்-யுடில்ஸ் என்ற பொட்டலத்தை ஏபிடி மூலம் போட்டுக்கொள்ள வேண்டும்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கடையில் கூட்டம். எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, அவர் ஆதார் சேர்த்துக்கொண்டிருந்தார், இரண்டு விரலும் டேப் கீயுமாக. கை ஓய்ந்ததும், இதுவரை அடித்ததையெல்லாம் பார்க்கலாமா என்று கேட்டு ஹிஸ்டரி என்று அடித்தேன். ஷெல் எல்லாவற்றையும் நம்பர் போட்டு நினைவில் வைத்திருக்கும், தப்பாக அடித்ததையும் சேர்த்து. மேலே, மேலே என்று உருட்டினேன். உச்சியில் அந்த முதல் காலை அப்படியே இருந்தது:

1 கேன்சல்-ஏ
2 கேன்சல் ஏ
3 கேன்சல் -ஏ

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட ஹால் டிக்கெட்டுக்குக் காசே வாங்கல தம்பி" என்றார்.